பெடல் இல்லாத வண்டி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கயிறு கட்டியாயிற்று. சோபாவில் உட்கார்ந்தால் தலையில் ஈர லுங்கி.

ஆபீஸ் கிளம்பும்போது காரில் உட்கார்ந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். வண்டிப் பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பதினைந்து வருடம். வாங்கியது நேற்றுபோல் இருக்கிறது என்றெல்லாம் எழுத மாட்டேன். இடது கதவு தொங்கிவிட்டது, சீட்டில் பஞ்சு வெளியே வருகிறது. எனக்கும் நாற்பத்தெட்டு.

செய்ய வேண்டியவை:
புகை டெஸ்ட்.
பின் டயர் ஒன்று.
ஆர்.டி.ஓ. ஆபீஸ், பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டுவது.
இவரிடம் சொல்வது.

கடைசி வேலையை முதலில் முடித்தேன். வீட்டுக்காரர் பஸ் டிப்போவிலிருந்து வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பதில் தயார். "இன்னாத்துக்கு இவ்ளோ அலைச்சல்? வித்துடலாம். நான் ஸ்கூட்டர்ல இட்டுகினு போய் வுட்றேன்." யாரோ பழைய வண்டி எடுக்கிற ஆளிடம் பேசியும் வைத்திருக்கிறார். என்னிடம் கேட்காமல்.

இவருக்கு ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மதியம். என் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒன்பது மணிக்கு. எப்படிக் கொண்டுபோய் விடுவாராம்? விட முடியாத நாளில் ஆட்டோ. ஆட்டோக்காரன் என் சூம்பிய வலது காலில் மாட்டியிருக்கிற காலிப்பர் கம்பியைப் பார்த்துவிட்டு, கைத்தாங்கலாக ஏற்றட்டுமா என்று கேட்பான். கார் வருவதற்கு முந்தைய கதையெல்லாம் திரும்ப முதலிலிருந்து. முடியாது. சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன், கோபத்தில். இவர் மோரை ஊற்றிச் சமாளித்துச் சாப்பிட்டார்.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

ஆபீஸ் விட்டு வரும்போது பெட்ரோல் பங்க் ஓரம் புகை டெஸ்ட். ஆபரேட்டர் சைலன்சரில் குழாயைச் சொருகிவிட்டு, என்னை இறங்கச் சொல்லி அவரே உட்கார்ந்தார். கால் கீழே துழாவுகிறது. குனிந்து பார்க்கிறார். மறுபடி துழாவல். "யக்கா, ஆக்ஸிலேட்டர காணோமேக்கா?"

சிரிப்பு வந்துவிட்டது. என் காரில் ஆக்ஸிலேட்டர் பெடல் கிடையாது. என் வலது கால் அறியாமல் அதன்மேல் விழுந்து தொலைக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே பட்டறையில் கழற்றிவிட்டார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு லீவர். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். கிளட்ச் மட்டும் இடது காலில், அது நல்ல கால். இதை விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நாலு வண்டி ஹாரன்.

லீவரை இழுத்தார். என்ஜின் கத்தியது. விட்டார். விட்ட பிறகும் அடங்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்து. ஃபெயில்.

பரவாயில்லக்கா என்றார். பின்னால் நின்ற புதுக் காரில் குழாயைச் சொருகி, என் நம்பரைப் போட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறாராம். எல்லோரும் செய்வதுதானாம். இவருக்கு போன் போட்டேன். வாங்கினு வந்துடு என்றார்.

வாங்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு எல்லாவற்றிலும் ஒரு சலுகை. ஓட வேண்டாம், நீ உட்கார்ந்துக்கோ, உனக்கு மட்டும் பாஸ். இந்த கார் ஒன்றுதான் நான் யார் தயவும் இல்லாமல் செய்கிற காரியம். அதையும் எவன் வீட்டுப் புகையையோ காட்டிப் பாஸ் செய்வதா.

வரும் வழியில் வானகரத்தில் நெரிசல். லீவரைப் பிடித்துக்கொண்டு தேவையில்லாமல் கொஞ்சம் அழுதேன். வெங்காயம் வாங்க மறந்தாயிற்று.

நவம்பர் 8, சனி

காட்டுப்பாக்கம் மெக்கானிக். டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு கையில் கறுப்பாக ஒரு சுருளோடு வந்தார். இன்சுலேஷன் டேப். லீவரின் பிடியில் தொடங்கி, கேபிள் வளைகிற இடம் வரைக்கும் தடிமனாகச் சுற்றியிருக்கிறது. "கைய எடுத்தாலும் லீவர் முழுசா திரும்பல மேடம். வண்டி எந்நேரமும் கொஞ்சம் பெட்ரோல குடிச்சினே கீது. புகை வராம இன்னா பண்ணும்? யார் சுத்துனது இத?"

பிடியில் டேப்பைப் பார்த்திருக்கிறேன், சர்வீஸில் சுற்றியது என்று நினைத்திருந்தேன். யார் சுற்றியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் தெரியாது என்றார். பிறகு, "கை வேர்த்து வழுக்குதுனு சொன்னியே, அதான்." போன கோடையில் சொன்னது. எனக்கே மறந்துவிட்டது. நான் குளிக்கப் போனபோது டிப்போ டேப்பைக் கொண்டுவந்து சுற்றியிருக்கிறார். அதை ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த காரைத் தொடவே மாட்டேன் என்று சபதம் போட்ட மனுஷன்.

திட்டுவதா, கொஞ்சுவதா? ரெண்டும் வரவில்லை. இவர் பாசத்துக்கும் ஐடில் அட்ஜஸ்ட்மென்ட் வேண்டும். நிறுத்து என்றாலும் அடங்காமல் உறுமிக்கொண்டே இருக்கிறது, புகைகிறது.

ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. டயரும். சாயங்காலம் அதே பங்க், அதே ஆபரேட்டர். லீவரை இழுத்தார், விட்டார், டக்கென்று திரும்பியது. பச்சை எழுத்து. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

நவம்பர் 9, ஞாயிறு

இவருக்கு லீவு. கறி எடுத்து வந்தார். சமாதானக் கொடி.

மதியம் யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். முப்பது வயதில் அம்பத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். மற்ற டிரைவர்கள் நடுரோட்டில் நிறுத்துவார்கள். தரையிலிருந்து படி எனக்கு மலை. இவர் ஒருவர்தான் பஸ்ஸைப் பிளாட்பாரத்தை ஒட்டிக் கொண்டுவந்து, என் காலடியில் படி வருகிற மாதிரி நிறுத்துவார். ஏறி உட்காரும் வரை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அதில் விழுந்தவள்தான் நான். கால் நல்லா இருக்கிறவளே தடுமாறியிருப்பாள்.

எனக்காக நிறுத்தியவரைக் கட்டிக்கொண்டேன். ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம். சிக்கல் அங்கேதான் என்று இன்றைக்குத் தோன்றியது. நான் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், அவர் வந்து நிறுத்த வேண்டும். அதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு.

கார் வந்த புதிதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிரேக்குக்குக் கால் தேடியது, கை லீவரைத் தள்ளாமல் இழுத்துவிட்டது. நேராக எங்கள் கேட். ஊரையே சுமந்துகொண்டு பூந்தமல்லி ரோட்டில் போகிற மனுஷன் சொந்த கேட்டை இடித்துவிட்டார். அன்றோடு சரி. டிப்போ வரைக்கும் என்னோடு வந்தாலும் டீக்கடையிலேயே இறங்கிக்கொள்வார். "ஓரங்கட்டு, இங்கயே எறங்கிக்கிறேன்." டிப்போ வாசலில் ஒருநாள் யாரோ, "இன்னா மாமே, அண்ணி டிரைவரு, நீ கண்டக்டரா?" என்று கேட்டுவிட்டானாம். அதுவும் எத்தனையோ வருடத்துக்கு முன்னால்.

கறியில் காரம் சரியாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

பாதி நாள் லீவு. ஆர்.டி.ஓ. ஆபீஸ். நல்ல மழை. குடை, காலிப்பர், ஃபைல், கைப்பை. கடவுள் இன்னும் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

வாசலில் புரோக்கர் ஒருவர் பிடித்துக்கொண்டார். லைசென்ஸைக் கேட்டார், கொடுத்தேன். கண்ணுக்கருகில் வைத்துப் படித்தார். முகம் மாறியது. பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ரொம்ப மரியாதையாக, குரலைத் தாழ்த்தி, "மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க லைசென்ஸே இன்வாலிட்னு போட்டுக்கீது. செல்லாது மேடம்."

என் லைசென்ஸில் வண்டி வகை 'இன்வாலிட் கேரேஜ்'. அந்தக் காலத்துச் சட்டத்தில் ஊனமுற்றவர் ஓட்டும் வண்டிக்கு அதுதான் பெயர். உடம்பு முடியாதவருக்கும் செல்லாத நோட்டுக்கும் வெள்ளைக்காரன் ஒரே எழுத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். முன்பு எஸ்டேட் ரோட்டில் ஒரு போலீஸ்காரரும் இதே மாதிரி படித்து என்னை ஓரங்கட்டினார். அன்றைக்குச் சண்டை போட்டேன். இன்றைக்குத் தெம்பில்லை. லைசென்ஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆர்.சி.யில் சாதாரண கார் என்று இருக்கிறது. லீவர் போட்டது அதில் ஏறவில்லை. என் லைசென்ஸோ வேறு வகை. வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டு வரவேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். திருப்தி என்றால் பதிவில் ஏற்றிவிடுவார்கள். இல்லையென்றால்? லீவரைக் கழற்றி, பெடலை மாட்டி, கம்பெனியில் வந்தபடிக்குக் கொண்டு வாங்க என்றார்.

லீவரைக் கழற்றினால் வண்டி செல்லும். நான் செல்ல மாட்டேன்.

காரில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லும், செல்லாது. சின்ன வயதில் கல்யாண வீட்டில் ஒரு சொந்தக்காரி என் காதுபடவே செல்லாக்காசு என்றாள். அப்பா எழுந்து சாப்பிடாமல் வந்துவிட்டார், என்னையும் தூக்கிக்கொண்டு. பாயசம் போச்சே என்றுதான் எனக்கு அழுகை.

இவரிடம் புரோக்கர் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நானும் வரேன் என்றார். எதற்கு? "சும்மா." பழைய வண்டி எடுக்கிற ஆளுக்கு போன் பண்ணி ஏதோ பேசினார், பால்கனியில் நின்று. என்னவென்று கேட்கவில்லை. பயமாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலையில் தூறல். வரிசையில் ஸ்கூல் வேன், சரக்கு ஆட்டோ, நாங்கள். இவர் அப்படியே மதிய டூட்டிக்குப் போக வேண்டியதால் காக்கியோடு இருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், குடை பிடித்துக்கொண்டு வந்தார். என் காலிப்பரைப் பார்த்தார், இவர் காக்கியைப் பார்த்தார், இவரிடம் சொன்னார்: "டிரைவர் நீங்கதானே? வண்டிய டிராக்குக்குக் கொண்டு வாங்க."

சுற்றிலும் ஆட்கள். புதன்கிழமை புரோக்கரும் இருந்தார். ஸ்கூல் வேன் டிரைவர் இவருக்கு வணக்கம் வைத்திருந்தார், டிப்போ ஆள் என்று தெரிந்து. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"எனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது மேடம். அவங்கதான் ஓட்டுவாங்க. நான் பக்கத்துல குந்திகினு வருவேன், அவ்ளோதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காக்கியில் டிரைவர் பேட்ஜ் குத்திக்கொண்டு ஓட்டத் தெரியாது என்றால் சிரிக்க மாட்டார்களா? இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். என்னைப் பிடிக்கவில்லை, ஏற்றிவிடவில்லை. நானாக ஏறினேன்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். நேராகப் போகச் சொன்னார், திரும்பச் சொன்னார், ரிவர்ஸ். திடீரென்று நிறுத்துங்க என்றார். தள்ளினேன், நின்றது. என்ஜினை ரேஸ் பண்ணிட்டுக் கையை எடுங்க என்றார். எடுத்தேன். லீவர் டக்கென்று திரும்பி, என்ஜின் அடங்கியது. அந்த டேப் இருந்திருந்தால் இங்கேயே முடிந்திருக்கும் கதை. இறங்கிக் குனிந்து லீவரின் வெல்டிங்கை ஆட்டிப் பார்த்தார்.

சரி, பதிவில் ஏற்றிவிடுகிறோம் என்றார். அப்புறம் என் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, இந்த வார்த்தை இப்போது சட்டத்திலேயே இல்லைம்மா, புதுப்பிக்கும்போது வேறு பெயர் வரும் என்றார். மாற்றியமைத்த வண்டி என்று அர்த்தம் வருகிற பெயர். ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. ஆனாலும் லைசென்ஸை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன், தேங்க்ஸ் என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

புரோக்கர் வந்து, "செல்லுமா மேடம்?" என்றார். செல்லும் என்றேன்.

திரும்பும்போது இவரிடம் கேட்டேன், அந்தப் பழைய வண்டி ஆள் என்ன சொன்னார் என்று. "அன்னைக்கே வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இவர் வலது கால், கீழே விரித்திருக்கிற மிதியடியை அழுத்துகிறது. இல்லாத பிரேக். பதினைந்து வருடமாக எனக்கு எரிச்சல் வருகிற விஷயம். இன்றைக்கு வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டிருக்கிறது. மொட்டை மாடியில் துணி. ஹால் ஹாலாகிவிட்டது.

இந்த வாரம் இவருக்கு எட்டு மணி டூட்டி. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகல, டிப்போவுல வுட்றியா என்றார். ஸ்டார்ட் செய்து பார்த்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. ஏறுங்க என்றேன்.

ரோடெல்லாம் குழி. மிதியடிக்கு நல்ல வேலை. ஐயப்பன்தாங்கல் வந்தது. டீக்கடை வந்தது. பழக்கத்தில் லீவரைத் தள்ளப் போனேன். இவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரங்கட்டச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.

டிப்போ வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. நாலைந்து பேர் நின்றுகொண்டு எங்களையே பார்த்தார்கள். இவர் ஷூ நனையாமல் கால் வைக்கிற மாதிரி, பிளாட்பாரத்தை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன்.