மீதமிருந்த பதினேழு சுற்று

சங்கரன்கோவில்,
ஆனி 18, புதன்கிழமை.

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா பிச்சையா சொல்லச் சொல்ல மருந்துக்கடை ஃபாரூக் எழுதும் கடிதம். நான் என் காலிலேயே நடந்து போய் வருகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறேன். அவ்வளவு தூரத்தில், அந்தக் கென்யா முகாம் ஆஸ்பத்திரியில், வெயிலிலும் புழுதியிலும் நீயும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்கு ஒரு வாய் சோறு உள்ளே போக வேண்டும் என்று கோமதி அம்மனை நினைத்துக்கொள்கிறேன். உனக்குச் சாமி இல்லையென்று ஆகிப் பதினெட்டு வருஷமாகிறது, இருந்தாலும் நான் நினைத்துக்கொள்வதில் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடையநல்லூர் ஷிரின் பானு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறதாம். உன்னோடு அதே முகாமில் வேலை பார்க்கிற பிள்ளை, நேற்று தன் வாப்பாவோடு வீட்டுக்கு வந்து, மாமா எதுவும் கொடுத்து விடுவதாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டது. மோர் மிளகாயும் பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறேன். மிளகாயை நானே மொட்டைமாடியில் காயவைத்தேன், உன் அம்மா போடுகிற உப்பு எனக்குக் கைவரவில்லை, கொஞ்சம் கூடிவிட்டது. இந்தக் கடிதமும் அதன் கையில்தான் வருகிறது. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வேறு பேச்சு வந்துவிடும், இத்தனை வருஷமும் அப்படித்தான் வந்திருக்கிறது.

வீடு எப்போதும்போல இருக்கிறது. பக்கத்துத் தறிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த எட்டுத் தறியையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் நாற்பது வருஷம் தூங்கினேன், இப்போது சத்தம் இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. டிவியைப் போட்டுவிட்டுப் படுக்கிறேன், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. அரை டம்ளர் அரிசி போட்டால் எனக்குப் போதும், ஆனால் கை ஒரு டம்ளர்தான் அளக்கிறது. மிச்சம் காக்கைக்குப் போகிறது. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க இந்தத் தெருவில் ஆள் இல்லை. ஃபாரூக் கேட்பான், அதுவும் நான் மாத்திரை வாங்கப் போனால்தான். இதை எழுத வேண்டாம் என்று சொல்லுகிறான், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. “அப்பா, எனக்கு ஒண்ணுமே தோணமாட்டேங்குப்பா. முந்தாநாள் ஒரு பச்சப்பிள்ளை என் கையிலயே போச்சு. நான் கையக் கழுவிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். எனக்கே என்னப் பாத்தா பயமா இருக்கு, விட்டுட்டு வந்திரலாமான்னு பாக்கேன். நீங்க எப்படிப்பா இத்தன வருஷமா சலிக்காம நம்மூர் ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி தள்ளிட்டு நிக்கீங்க?” என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுதான். போகாமல் இருந்திருந்தால், அதெல்லாம் பழகிப்போச்சு மக்கா என்று ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பெத்துராஜ் போன மாதம் தவறிவிட்டான். என்னோடு ஒரே கூடத்தில் தறி ஓட்டியவன், நீ சின்னப்பிள்ளையில் சித்தப்பா சித்தப்பா என்று அவன் சைக்கிள் முன்பாரில் ஏறிக்கொள்வாயே, அவன்தான். சர்க்கரையில் கால் அழுகி ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசலிலிருந்து வார்டு வரைக்கும் அவனை வண்டியில் தள்ளிக்கொண்டு போனது நான்தான். பதினெட்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவன், அன்றைக்கு வார்டு திருப்பத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, “வே பிச்சையா, நான் போயிட்டா உமக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளைகிட்ட சொல்லிரும்” என்றான். சொல்லுகிறேன் என்றேன். நாலாம் நாள் போய்விட்டான். ஆக, இனி நான் சொன்னால்தான் உண்டு.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறினால் கோவில் பிரகாரத்தை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவதாக நேர்ந்துகொள்வது நம் ஊர் வழக்கம், உனக்குத் தெரியும். நீ நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது உன் அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. அவள் மூச்சு சீராக வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன். ஒரு நாளைக்கு முப்பத்தாறாக மூன்று நாள். எனக்கு எழுத்தும் தெரியாது, கணக்கும் அவ்வளவு வராது, அதனால் நூற்றெட்டுப் புளியங்கொட்டையை அவளே எண்ணித் தந்தாள். வலது மடியில் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுக்கு ஒன்றாக இடது மடிக்கு மாற்றிக்கொண்டே போவேன். மூன்றாம் நாள் காலையில் மஞ்சள் சேலை உடுத்திக்கொண்டு வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று, “மெதுவா நடங்க, சாமி எங்கயும் ஓடிறாது” என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்குப் பத்தொன்பதாவது சுற்றில் வடக்குப் பிரகாரத்தில் திரும்பும்போது பெத்துராஜ் ஓடிவந்தான். தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான், தலையெல்லாம் பஞ்சுத் தூசி. “அண்ணாச்சி, மதினிக்கு மூச்சு முட்டுது. ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு ஓடியாரேன், தனியாத்தான் போறா. சைக்கிள் வெளிய நிக்கி, வாரும்” என்றான். நான் நடையை நிறுத்தவில்லை மக்கா. நடந்துகொண்டேதான் அவனுக்குப் பதில் சொன்னேன். “ஏலே, அவளுக்காகத்தான் சுத்துதேன். பாதியில விட்டா அவளுக்குத்தான் ஆகாது. இன்னும் பதினேழுதான், நீ முன்ன போ, பின்னாலயே வாரேன்” என்றேன். அவன் கையைப் பிடித்து இழுத்தான், நான் உதறினேன். “பாரத்த சாமி மேல போடுதீரா, பொண்டாட்டி மேல போடுதீரா வே” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணாச்சி என்று கூப்பிட்டவன் வே என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பாதியில் விட்டால் ஆகாது என்று யாரும் எனக்குச் சொன்னது கிடையாது. எந்தப் பட்டரும் சொல்லவில்லை, எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. பதினேழு சுற்றையும் ஓட்டமும் நடையுமாகச் சுற்றினேன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுக் கொடிமரத்தடியில் விழுந்தும் கும்பிட்டேன்.

உன் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்திருக்கிறாள். பெத்துராஜ் போய்ச் சேரும்போது தாழ்வாரத் திருப்பத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். டாக்டரும் நர்சுகளும் ஓடி ஓடிப் பார்த்தார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் போகும்போது மூக்கில் மூடி போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, “சுத்து முடிஞ்சுதா?” என்று கேட்டாள். முடிஞ்சுட்டு என்றேன். “நல்லது” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. முக்கால் மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், பிறகு கையில் பிடி இல்லை. குத்திக்காட்டுவதற்காகக் கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். உன் அம்மா குத்திக்காட்டுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். நிஜமாகவே முடிந்ததா என்றுதான் கேட்டாள்.

மத்தியானம் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி நீ வாசலில் பையைப் போட்டுவிட்டு, “அப்பா, நீங்க கூடவே இருந்தீங்கல்லா?” என்று கேட்டாய். கூடவே இருந்தேன் மக்கா என்றேன். பெத்துராஜ் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு தெருவுக்குப் போனான். கடைசிவரைக்கும் உன்னிடம் அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஃபாரூக் பேனாவை மூடி வைத்துவிட்டான். பிறகு, “அண்ணாச்சி, நாங்க தொழுகையில நிக்கும்போது ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா தொழுகைய விட்டுட்டு ஓடணும்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கு. உங்க சுத்துல அப்படி இல்லையா?” என்று கேட்டான். நான் யாரையும் கேக்கல வே என்றேன். இனி எழுதட்டுமா வேண்டாமா என்றான். எழுது என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ காலேஜுக்குப் போன மறுநாளே நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். துணையில்லாமல் வருகிறவர்களை வண்டியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போவேன். அப்பா எப்பேர்ப்பட்ட சேவை செய்கிறார் என்று நீ உன் சிநேகிதிகளிடம் சொன்னதாக அப்போது கேள்விப்பட்டேன். அது சேவையும் இல்லை ஒன்றும் இல்லை. கோவில் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு வருஷம் வெறிபிடித்த மாதிரி தள்ளினேன், ஆட்டோக்காரரோடு சண்டை, வாட்ச்மேனோடு சண்டை, கூட வந்த சொந்தக்காரர்களை ஏன் லேட்டாக வந்தீர்கள் என்று திட்டுவேன். ஒருநாள் பக்கத்தூர் திருவேங்கடத்திலிருந்து ஒரு பொம்பளை இடுப்பு ஒடிந்து வந்தாள். பருத்தி எடுக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டாளாம். நான் ஓட்டின ஓட்டத்தில் வண்டி சுவரில் இடித்தது. அவள் வலியோடு, “ஏன் அண்ணாச்சி இந்த ஓட்டம் ஓட்டுதீரு? எனக்கு இடுப்புதான் ஒடிஞ்சிருக்கு, உசுரு போகல. ஒருவாட்டி என் மூஞ்சியப் பாரும், நான் வேற ஆளு” என்றாள். நின்று பார்த்தேன். மூக்குத்தி போட்ட, பல் வரிசை தப்பின, வேறு ஆள்தான். இரண்டு வருஷத்தில் வண்டியில் கிடந்த ஒருத்தர் முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் தள்ளினதெல்லாம் உன் அம்மாவைத்தான்.

மறுநாள் விடியக் கோவிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ள எனக்கு வாய் இல்லை. புளியங்கொட்டை இல்லை, கணக்கு இல்லை, வெறுங்கையோடு ஒரே ஒரு சுற்று நடந்தேன். வடக்குத் திருப்பம் வரும்போது உன் அம்மா கேட்கிறாள், சுற்று முடிந்ததா என்று. இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். காய்ச்சல் வந்தோ சோம்பலாலோ அந்த ஒரு சுற்று தப்பிய நாளில் வாசலில் போய் நின்றாலும் யார் மேலாவது எரிந்து விழுகிறேன். நடந்துவிட்டுப் போன நாளில் வருகிறவர் முகம் எனக்குத் தெரிகிறது, அவர் தண்ணீர் கேட்பது காதில் விழுகிறது. நடுவில் மூன்று தடவை பிரகாரத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே கூப்பிட்டார்கள். போட்டது போட்டபடி போய்விட்டேன். அந்த மூன்றையும் திரும்பப் போய் முடிக்கவில்லை. இதுதான் நீ கேட்டதற்குப் பதில், சலிப்பு எனக்கும் உண்டு, இறக்கி வைக்க ஒரு இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உன்னைச் சாமி கும்பிடு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவுகிறேன் அப்பா, தோல் உரிகிறது என்று சொல்லுவாயே, அதில் காலையில் கழுவுகிற முதல் தடவையை மட்டும் யாருக்காகவும் கழுவாதே. நின்று, மெதுவாக, ஒன்றும் கேட்காமல் கழுவு. அந்தப் பச்சப்பிள்ளை வந்தால் வரட்டும், அழுகை வந்தால் வரட்டும். பிறகு வார்டுக்குப் போ. ஆனால் அப்போதும் யாராவது கூப்பிட்டால் சோப்புக் கையோடு ஓடு. அப்படியும் முடியவில்லையென்றால் விட்டுவிட்டு வா, வீடு திறந்துதான் கிடக்கிறது.

இன்னும் இருபது நாளில் கொடியேறுகிறது. ஊரே சுற்றும். நான் அன்றைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்துகொள்வேன், வெயிலில் சுற்றி மயங்கி விழுகிறவர்கள் வருவார்கள். கடைசிப் பதினேழு கொட்டையை மட்டும் தனியாக ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். இதோடு அனுப்பட்டுமா என்று ஃபாரூக்கிடம் கேட்டேன். “அதப் போய் பிள்ளை தலையில கட்டாதீரும், உம்மகிட்டயே இருக்கட்டும்” என்றான். சரிதான். என்னிடமே இருக்கட்டும்.

நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் உன் கை நோகாமல், மனசு மரத்துப்போகாமல், நீண்ட ஆயுளோடு நீ இருக்க வேண்டும். உன் அம்மா ஆசீர்வாதம் உனக்கு உண்டு, என்னுடையது வேண்டுமென்றால் எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேச உனக்கு மனசு வராது, வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். மணி அடிக்கட்டும் மக்கா, நான் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா பிச்சையா
(இடது பெருவிரல் ரேகை)