அப்பாவின் இரண்டு ஓரங்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. இங்கும் அப்படியே என்று கைப்பழக்கத்தில் எழுதப் போய் நிறுத்திவிட்டேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அப்பா எந்தக் கதவைத் தாண்டினாலும் தோளை இடித்துக்கொள்வார், உனக்குத்தான் தெரியுமே, கதவெல்லாம் உங்களைப் பார்த்தால்தான் குறுக்கே வருதா என்று நானும் கேலி பேசுவேன். அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனின் பக்கக் கண்ணாடிகள் மாறிமாறி உடைந்தன. கண் பரிசோதிக்கிற கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன், கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டு, என் கண்ணுக்கு என்னடி குறை என்று வழியெல்லாம் பெருமை. போன வாரம் வேனை எடுக்கும்போது பக்கவாட்டில் ஒரு குழந்தை வந்திருக்கிறது, ஆயா அலறியதும் அப்பா பிரேக்கை மிதித்துவிட்டார். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவர்தான் சாவியைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரை எதிரே உட்காரவைத்து, என் மூக்கையே பாருங்க, விரல் ஆடுறது தெரிஞ்சா சொல்லுங்க என்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். அப்பா சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் போனதும், ஆரம்பிங்கம்மா என்றார். விரல்கள் அதுவரை ஆடிக்கொண்டுதான் இருந்தன பாப்பா.

ஸ்கேன் பார்த்துவிட்டு கயாஸ்மா என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை என்றதும் தாளில் வரைந்து காட்டினார். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்பில் பாதி, மூளைக்கு அடியில் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கம் போகுமாம், அந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர். ஓரத்தில் இருப்பதைக் காட்டும் நரம்புதான் அங்கே தாண்டுகிறது. அதற்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வளர்ந்து அழுத்துகிறதாம். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், இரண்டு ஓரமும் தெரியாது, தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. புற்று இல்லையாம், மூக்கு வழியாகவே எடுத்துவிடுவார்களாம். மூக்கு வழியாகவா என்று வாயைப் பிளந்தேன். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். அப்பா அதையெல்லாம் கேட்கவே இல்லை. அப்போ இத்தனை நாளா பிள்ளைங்க ஓரத்துல நின்னது தெரியாமத்தான் வண்டி ஓட்டினேனா என்று ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான்.

மாதக் கடைசியில் ஆபரேஷன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது புறப்பட்டு வா, வழியில் பட்டினி கிடக்காதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வந்ததும் சின்ன வயதில் செய்த மாதிரி பக்கத்திலிருந்து போய் அவரைக் கட்டிக்கொள்ளாதே. நேற்று நான் தண்ணீர் டம்ளரோடு அவர் பக்கத்திலேயே நிற்கிறேன், எங்க போயிட்ட எங்க போயிட்ட என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ நேரே முன்னால் வந்து நில்.

உன் அம்மா