பெரிய சார் போட்ட ஒற்றைக் கோடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுவது. இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர எல்லோரும் எல்லாமும் சுகம். அங்கே நீ தலை முதல் கால் வரை ஒன்று விடாமல் சுகமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு என்றதும் பதறாதே, சின்ன முறிவுதான், மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது, வலியும் குறைந்துவிட்டது. எப்படி முறிந்தது என்று உன் சித்தியிடம் போனில் சொல்ல ஆரம்பித்தேன், சிரிப்பில் மூச்சு வாங்கிப் பேச்சே வரவில்லை, நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றாள். உன்னால் பஸ் பிடித்து வர முடியாது, அதனால்தான் கடிதம். எழுதித் தருவதற்குக் கூலியாக இவள் அடைப்புக்குறி கேட்டாள். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வாளாம், நான் அதில் கை வைக்கக் கூடாதாம். சரி என்றுவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள், உன் அப்பாவின் எழுத்தை மருந்துக் கடைக்காரரால்தான் படிக்க முடியும். (அண்ணா, நான்தான். அம்மாவின் பேச்சைக் கடிதத் தமிழாக மாற்றுவது மட்டுமே என் வேலை. செய்தியில் ஒரு துளியும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசியபடியே போடுகிறேன்.)

விஷயம் இவளுடைய பள்ளிக்கூடத்துச் சுவர்ப் பத்திரிகையில் ஆரம்பித்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறதே, நீ படித்தபோது அதில் தேர்வு அட்டவணை மட்டும் தொங்கும், இப்போது திங்கட்கிழமைதோறும் ஒரு சார்ட் தாளில் பிள்ளைகளே செய்தி எழுதி ஒட்டுகிறார்கள். இந்த வருடம் இவள்தான் ஆசிரியர். பதவி கிடைத்த நாளிலிருந்து இவள் நடையே வேறு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டுதான் குளிக்கவே போகிறாள். போன மாதம் நூலகத்தைப் பற்றி ஒரு செய்தி போட்டாள். நூலகம் இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்தே பூட்டிக் கிடக்கிறது, ஆண்டு விழா விருந்தினர்களுக்காக வாங்கிய மெத்தை நாற்காலிகளைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவள் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, ‘நூலகத்தில் நாற்காலிகள் அமைதி காக்கின்றன’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தாள். பத்து மணிக்கு ஒட்டினாள், இடைவேளைக்குள் தலைமையாசிரியர் கிழித்துவிட்டார். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள், கணக்கு வாத்தியார், உனக்கு அவரிடம் படிக்கும் பாக்கியம் இல்லை, நீ போன பிறகுதான் வந்தார். இவளைக் கூப்பிட்டு, “இனிமே ஒட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டணும். நான் கையெழுத்துப் போட்டதைத்தான் ஒட்டணும். புரியுதா?” என்றாராம். இவளும் புரியுது சார் என்று வந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நாலு செய்தி எழுதி எடுத்துப் போனாள். ஒன்று அதே நூலகம், இன்னொன்று பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது, மூன்றாவது வாசல் காவலாளி பகலில் தூங்கி வழிவது, கடைசியில் மழை பெய்தது. பெரிய சார் முதல் இரண்டையும் அடித்தார். இங்கேதான் கேள், அவர் எதை அடித்தாலும் அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனாவால், மெல்லிசாக ஒரே ஒரு கோடுதான் போடுவார். தப்புக் கணக்கை அப்படித்தான் அடிப்பாராம், தன் தப்பு என்னவென்று பிள்ளைக்குக் கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டுமாம், காலமெல்லாம் அதே பழக்கம். அடித்துவிட்டுக் கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டார். இவள் அந்தத் தாளை அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிட்டாள். அவ்வளவுதான், பள்ளிக்கூடமே அங்கே கூடிவிட்டது. மழையை ஒருவரும் படிக்கவில்லை, சிவப்புக் கோடு போட்ட இடத்தைத்தான் விரல் வைத்துப் படித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூட எழுத்துக்கூட்டித் தா-ழ்-ப்-பா-ள் என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். (அண்ணா, சத்தியமாக நான் குறும்பு செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு சார்ட்தான் தருவார்கள், வேறு தாள் இல்லை. கையெழுத்துப் போட்டதை ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். இதில் என் பிழை என்ன என்று நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்க்கலாம் என்றால் நூலகம் பூட்டியிருக்கிறது.)

மறுநாள் பெற்றோரை அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா பணிமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், “நமக்கு எதுக்கு வம்பு? என்ன கேக்கறாங்களோ அதுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு. இன்னும் ரெண்டு வருஷம் அவ அங்கதான் படிச்சாகணும்” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார். எனக்கும் பயம்தான். தைக்க வந்த துணியெல்லாம் மெஷின் மேல் குவிந்து கிடக்க, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் அறை மாடியில். மேசைமேல் சோதனைச் சாலையில் தவளையை விரித்து வைப்பார்களே, அப்படி அந்தச் சார்ட்டை நாலு மூலையிலும் கனம் வைத்து விரித்திருந்தார். என் கையில் ஒரு உறுதிமொழித் தாளைக் கொடுத்தார். என் மகள் இனி பள்ளி நிர்வாகத்தைப் பற்றி எதுவும் எழுத மாட்டாள் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஆசிரியர் பதவி வேறு பிள்ளைக்குப் போகும், இவள் வெறும் மாணவியாகத் தொடரலாம், போடாவிட்டால் பத்திரிகையே கிடையாது, பலகையில் பழையபடி அட்டவணைதான். இவள் என் பக்கத்தில் நின்று எட்டி எட்டி அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “அரையாண்டுத் தேர்வுல ‘என் பள்ளி’ன்னு கட்டுரை கேட்டா என்ன சார் பண்றது?” என்றேன். உண்மையான சந்தேகம்தான். அதற்கு அவர், “அது மார்க்குக்கு எழுதறதும்மா, அதை யாரு படிக்கப்போறா?” என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல ஆகிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குள் நான் சார்ட்டைப் படித்துவிட்டேன். காவலாளிச் செய்தி கோடு இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அந்தக் காவலாளியின் உடுப்பு எனக்குத் தெரியும், இடுப்பைப் பிடிக்க என்னிடம்தான் கொண்டுவருவார், பள்ளிக்கூடத்துக்கு ஒரு காக்கி, ராத்திரி கிடங்குக் காவலுக்கு ஒரு நீலம். இரண்டையும் போட்டுக்கொள்கிற ஆள் எப்போதுதான் தூங்குவது? “மேல இருக்கற ரெண்டையும் அடிச்சீங்க, இதை ஏன் சார் விட்டு வெச்சீங்க?” என்றேன். “அது உண்மைதானேம்மா” என்றார். அப்போ மத்த ரெண்டும் பொய்யா என்று கேட்டேன். மேசைமேல் இருந்த அடிமட்டத்தை நேராக நகர்த்தி வைத்தார். நான் இவள் பக்கம் திரும்பி, நீ ஏன்டி இதை எழுதினே, அவரு வேலை போயிட்டா நீயா சோறு போடுவே என்றால், இவளும் அதையேதான் சொல்கிறாள், “உண்மைதானேம்மா.” இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடினால் நான் என்ன செய்வேன். எனக்குக் கோபம் வந்து, அதை அடி முதல்ல என்று அவர் மேசைப் பேனாவை எடுத்து இவளிடம் நீட்டினேன். பெரிய சார் அப்படியே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! “பாத்தீங்களா? நீங்களும் அடிக்கத்தானே சொல்றீங்க. அதைத்தானே நானும் செஞ்சேன்?” என்றார். நீட்டிய பேனாவை இழுத்துக்கொண்டேன். அவர் சொல்வதும் சரி போலத்தான் பட்டது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு உறுதிமொழித் தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். (அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்து நான் படியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். இதை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை.)

பாதிப் படியில் எனக்குப் பதில் வந்துவிட்டது, பெரியவனே! வந்ததை விடக் கூடாதே என்று திரும்பி இரண்டு இரண்டு படியாக ஓடினேன். புடவை காலில் மாட்டி, கையை ஊன்றி விழுந்தேன். படக் என்று ஒரு சத்தம் கேட்டது, ஆனாலும் பதில் மறந்துவிடுமோ என்பதுதான் எனக்குக் கவலை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு மாடியைப் பார்த்துக் கத்தினேன்: “சார், காவலாளியைப் பத்தி எழுதினா அவரால பதில் எழுத முடியுமா? வேலை போயிடும். உங்களைப் பத்தி எழுதினா நீங்க பதில் எழுதலாம்ல? உங்க சுவரு, உங்க பலகை, உங்க பேனா! அடிக்காதீங்க சார், பதில் போடுங்க!” வகுப்புகளிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். பெரிய சார் ஓடி வந்தார், பாவம், என் கையைப் பார்த்ததும் என்னைவிட அவருக்குத்தான் வேர்த்துக்கொட்டியது. ஐஸ் கொண்டு வா, ஆட்டோ பிடி என்று தானே ஓடினார். துணியில் ஐஸைச் சுற்றி என் கையில் வைத்துக்கொண்டே, இவள் பக்கம் குனிந்து, மெதுவாக, “இது பத்திரிகைல வருமா?” என்று கேட்டார். வலி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், ஆட்டோவில் ஏறும் வரை நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆட்டோக்காரர் தலையில் அடிபட்ட கேஸ் என்று நினைத்துக்கொண்டார். இவள் அவருக்குச் சொன்ன பதில் இதுதான், நீங்க பதில் எழுதறதா இருந்தா, கீழே விழுந்தது அம்மாவோட தனிப்பட்ட விஷயம் சார். பேரம் பேசவா உன்னைப் பெற்றேன் என்று வீட்டுக்கு வந்து திட்டினேன். ஆனால் மனுஷர் ஒப்புக்கொண்டுவிட்டார், உறுதிமொழித் தாளைத் திரும்பக் கேட்கவும் இல்லை. (அது பேரம் இல்லை அண்ணா. அம்மா விழுந்ததில் பொதுநலம் எதுவும் இல்லை என்று நான் உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னேன். காவலாளியிடமும் மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். “எழுதினா எழுதிக்கோ பாப்பா, ஆனா குறட்டைன்னு மட்டும் போட்டுடாதே, என் பொண்டாட்டி சொல்றதை இத்தனை நாளா நான் ஒத்துக்கவே இல்லை” என்றார். நான் எதையுமே போடவில்லை.)

அடுத்த வாரம் சுவரில் நூலகச் செய்தி கோடு இல்லாமல் வந்தது, பக்கத்திலேயே பெரிய சாரின் பதில். நூலகம் பராமரிப்புக்காக மட்டுமே மூடப்பட்டுள்ளது என்றும், வருகிற வியாழக்கிழமை முதல் திறந்திருக்கும் என்றும் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். சும்மா ஒரு கௌரவத்துக்கு எழுதியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சுவரில் ஏறிவிட்டதே! வியாழக்கிழமை இடைவேளையில் பிள்ளைகள் நூலக வாசலில் வரிசையாக நின்றுவிட்டார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லை, கேட்டால் பலகையைக் காட்டினார்களாம். அவரே சாவியோடு வந்தார். நாற்காலிகளைப் பிள்ளைகளே சுமந்து வெளியே போட்டார்கள், உள்ளே இருந்த தூசியில் மூன்று வகுப்புகள் ஒரே நேரத்தில் தும்மின. நாற்காலிகளில் ஒன்று காவலாளிக்காக வாசலுக்குப் போயிற்று. உன் அப்பா, இனி காவலாளி வசதியாகவே தூங்கலாம் என்றார், அதை இந்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொள் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். வம்பு வேண்டாம் என்று சொன்ன அதே மனுஷர்தான் இப்போது பணிமனையில் என் பெண்ணு பத்திரிகைக்காரி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கழிப்பறைத் தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. இவள் வாரா வாரம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எதை எழுதலாம், எதில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு இன்னமும் முழுசாகத் தெரியாது, நானும் இவளும் தினம் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், அடுத்த வருடம் வேறு தலைமையாசிரியர் வந்தால் என்ன ஆகுமோ அதுவும் தெரியாது.

ஆனால் நேற்று நடந்ததைக் கேள். சாயங்காலம் வாசலில் பெரிய சார் நிற்கிறார். கை எப்படி இருக்குதும்மா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார், எனக்குப் பதிலாகத் தைத்துக்கொண்டிருந்த உன் சித்தி மெஷினை நிறுத்திவிட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள், துணிக்குவியல் நடுவே உட்கார்ந்து உன் அப்பா போட்ட டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். கண் மட்டும் இவளையே தேடியது. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. பதில் எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை போல, இந்த வாரம் கணக்கின் அழகு என்று முழுநீளத் தாளில் இரண்டு பக்கமும் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார், இவள் இடமில்லை என்று பின்பாதியை எடுத்துவிட்டாள். “அந்தப் பின்பாதியிலதாம்மா உயிரே இருக்கு. ஒரு வார்த்தை என்னைக் கேக்காம எடுக்கலாமா? இது கருத்துச் சுதந்திரத்துக்கே விரோதம் இல்லையா?” என்று என்னிடம் முறையிட்டார். நான் என்ன சொல்வேன், ஆசிரியர் அவதான் சார், அவகிட்டயே கேளுங்க என்றேன். அவர் எழுந்து இவள் இருந்த சமையலறை வாசல் வரை போய், கட்டுரைத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இவள் காதுப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இந்த வாரம் தாழ்ப்பாளுக்கு இடம் வேணும்” என்றாள். “தாழ்ப்பாளை நாளைக்கே போட்டுட்டா?” என்றார் பெரிய சார். போட்டுட்டா அந்த இடம் உங்களுக்குத்தான் சார் என்றாள் இவள். இன்று காலை கழிப்பறையில் ஆசாரி வந்து துளை போட்டுக்கொண்டிருந்தாராம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எழுதுகிற கடிதத்தில் எப்போதும் நலம், வேலை நன்றாகப் போகிறது என்று இரண்டே வரி இருக்கிறது, மீதியை நீயே அடித்துவிட்டு அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். பசித்தது, பயந்தது, மேலாளர் கத்தியது, எல்லாவற்றையும் எழுது. நாங்கள் தாங்குவோம். நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நூறாண்டு நோய் நொடியில்லாமல் இரு.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா

(கையெழுத்தை அம்மாவே இடது கையால் போட்டாள், அதனால்தான் வண்டு ஊர்ந்தது போல் இருக்கிறது. அண்ணா, மேலாளர் கத்தினால் முழுப் பெயரோடு எழுது, எனக்கு அடுத்த திங்கட்கிழமைக்கு ஒரு செய்தி குறைகிறது.)