நசியாத தேசிக்காய்

ஆனி 9, திங்கள்

சோளகக் காத்து விடாமல் அடிக்குது. கிணத்தடி முழுக்கச் செம்மண் தூசி. மிளகாய் காயப்போட்டு ரெண்டுதரம் மூடியாச்சு. முழங்கால் பரவாயில்லை.

சங்கவி ட்ரக்கை இண்டைக்குப் பூட்டி முடிப்பன் எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போனவள். கமரா பூட்டுற கடையிலை வேலை. அஞ்சரைக்கு வந்தால் முகம் கழுவாமல் மேசையிலை இருந்திடுவள். இருபத்திமூண்டு வயசுப் பேத்தி, அம்மம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கோணும். முழுப்பேர் எழுதப் பஞ்சி. இனி ச.

மேசையிலை கிடந்தது: சின்னச் சின்ன ஸ்குறூ, எண்பத்தாறு மட்டும் எண்ணினன், பேந்து விட்டிட்டன். நாலு சில்லு, முள்ளு வைச்ச ரயர். நாலு ஸ்பிரிங். எண்ணெய்ப் போத்தில். என்ரை வாசிக்கிற கண்ணாடி. காலமை முழுக்கத் தேடினன் அதை.

ட்ரக் எண்டால் கடையிலை விக்கிற விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு முழத்துக்கு மேலை நீளம். நாலரைக் கிலோ, அரிசித் தராசிலை நான்தான் நிறுத்தனான். றிமோட்டாலை ஓட்டுறது. நாலு சில்லும் இழுக்கும். கொழும்பிலை ஆரோ உடைஞ்சுபோச்செண்டு வித்ததைப் பெட்டியோடை எடுப்பிச்சு, போனைப் பாத்துப் பாத்துத் தானே பூட்டினவள். ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை.

போன மாதப் போட்டியிலை வளைவிலை வழுக்கி பனங்குத்தியிலை அடிச்சு முன்பக்கம் உடைஞ்சது. பாங்கிலை வேலை செய்யிற ரமணன், உவர்தான் அங்கை முதலாவதா வாறவர், வந்து சொன்னவராம்: "வண்டி நல்லதுதான் தங்கச்சி. கைதான் பழகோணும்."

ச. அதை வீட்டிலை வந்து சிரிச்சுக்கொண்டு சொன்னவள். சிரிப்பு சரியில்லை. அடுத்தநாள் முழு ட்ரக்கையும் கழட்டிப் போட்டாள். மூண்டு கிழமையாத் திருப்பிப் பூட்டுறாள். வாற ஞாயிறு போட்டி.

இரவு எண்ணெய்க் குழாயை நான் பிடிச்சன். ஸ்பிரிங்குக்கு நடுவிலை வாற குழாய். "நேரா பிடியுங்கோ அம்மம்மா, குமிழி எல்லாம் மேலை வரட்டும்." எண்ணெய் தேன் மாதிரி. மூண்டு தேவாரம் பாடி முடிய ஒரு குமிழி.

மகள் வசந்தி அடுப்படியிலை நிண்டு: "அம்மா, நீங்களும் சேர்ந்து அவளை விசராக்குங்கோ."

பிடிச்ச கை நடுங்கேல்லை. எழுதி வைக்கிறன்.

ஆனி 11, புதன்

காத்து குறைவு. முருங்கைக்காய்க் குழம்பு. உப்புக் கூடிப்போச்சு, ஒருத்தரும் சொல்லேல்லை.

ட்ரக் நேற்றே முடிஞ்சுது. வீட்டுக்கு வாற எந்த வண்டியும் ஒழுங்கைப் பிள்ளையாரிட்டைப் போகாமல் ஓடினதில்லை. ச. முதலிலை மாட்டன் எண்டவள், பேந்து குளிச்சிட்டு வந்தாள்.

ஐயர் குனிஞ்சு பாத்தார். "உதுக்குமோ அம்மா?"

"நாலு சில்லிருக்கு, ஓடுது. வேறை என்ன வேணும் ஐயா?"

சந்தனம் வைச்சார். பற்றரிப் பக்கம் வைக்கவேண்டாம் எண்டு ச. சொன்னவள், கேட்டு வைச்சார். நல்ல மனிசன்.

எங்கடை மரத்துத் தேசிக்காய் நாலு, சில்லாலை நசிக்க. ச. சொன்னாள், "நசியாது அம்மம்மா, இது லொறியே?" நான் நாலையும் கத்தியாலை கீறிப்போட்டு ஒவ்வொரு சில்லுக்கும் முன்னாலை வைச்சன். றிமோட்டை அமத்தினாள். சர் எண்டு போச்சு. தேசிக்காய்ச் சாறு என்ரை சீலையிலை தெறிச்சுது.

அவள் ட்ரக்குக்குப் பின்னாலை ஓடிட்டாள். குனிஞ்சு பொறுக்கினது நான்.

மூண்டு சப்பித் துப்பினமாதிரிக் கிடந்தது. ஒண்டு முழுசா. முன்னாலை இடக்கைப் பக்கச் சில்லுக்கு வைச்சது. தோலிலை ஒரு காயம் கூட இல்லை, நான் கீறின கீறல் மட்டும்.

சீலைத் தலைப்பிலை முடிஞ்சன். சொல்லேல்லை.

என்ரை மனிசன் உழவு மிசின் வாங்கினபோதும் ஒரு தேசிக்காய் நசியேல்லை. எல்லாரும் சிரிச்சவை. ரெண்டாம் மாதம் இவர் கால் முறிஞ்சு கட்டிலிலை. அதைப் போய் அவளுக்கு இப்ப சொல்லுறதோ.

சாமிப் படத்துக்குப் பின்னாலை வைச்சிருக்கிறன்.

ஆனி 12, வியாழன்

ச. அரைநாள் லீவு. கோண்டாவில் பக்கம் தரிசாக் கிடக்கிற தோட்டக்காணியிலைதான் ஓட்டப் பழகிறவை. ஓட்டோவிலை நானும் போனன். குடை, தண்ணிப் போத்தில், அவளின்ரை ஸ்குறூப் பெட்டி.

நேர்பாதையிலை நல்லாப் போகுது. வளைவிலை விசை குடுத்தவுடனை பின்பக்கம் வழுக்கிச் சுத்துது. ஆறுதரம் சுத்திச்சு. ஒருக்கா என்ரை செருப்பைத் தொடுமட்டும் வந்தது.

அவள் மாத்திப் பாத்தது:
பின் ரயர்.
பின் ஸ்பிரிங்.
எண்ணெய், தடிப்புக் கூடினது. பேந்து குறைஞ்சது.
பற்றரியை முன்னுக்குத் தள்ளி.
ஒண்டும் சரிவரேல்லை.

ட்ரக்கைத் தூக்கிப் பிடிச்சு விசை குடுத்தாள். நாலு சில்லும் வடிவாச் சுத்துது. "பாருங்கோ, வண்டியிலை பிழை இல்லை."

வரேக்கை கொழும்பு றெயின் போகுமட்டும் கேற்றடியிலை ஓட்டோ நிண்டது. ஸ்குறூப் பெட்டியை மடியிலை வைச்சுத் திறந்து திறந்து மூடினாள்.

ஆனி 13, வெள்ளி

விரதம். வெயில் கொதிக்குது. வசந்தி தேசிக்காய் எங்கை எண்டு கேட்டாள், ஊறுகாய்க்கு எண்ணி வைச்சவளாம். சுவாமிக்கு எண்டு சொன்னன். பொய் இல்லை.

படத்துக்குப் பின்னாலை பாத்தன். பழுக்கத் தொடங்கீட்டுது.

பின்னேரம் ச. மேசையிலை இருக்கிறாள், ட்ரக்கைத் தொடேல்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு.

"ரமணண்ணை சொன்னது சரிதான் அம்மம்மா. பூட்ட ஏலும் எனக்கு. ஓட்டக் கையில்லை."

"ஆர் சொன்னது?"

"நாலு சில்லும் சுத்துது. அப்ப பிழை ஆரிலை? நாளைக்குப் போன் பண்ணிப் பேரை வெட்டச் சொல்லப்போறன். பூட்டினதை ஆருக்கும் குடுத்தாலும் ஓட்டுவினம்."

இந்தக் கை எனக்குத் தெரியும். மூண்டு வயசிலை என்ரை கழுத்துச் சங்கிலிக் கொளுவியை நகத்தாலை கழட்டின கை. ஒரு கிழமை தேடினன் அந்தக் கொளுவியை.

சொன்னால் பயந்து நிப்பாட்டுவள் எண்டுதான் சொல்லாமல் விட்டது. சொல்லாமலே நிப்பாட்டுறாளே.

நித்திரை வரேல்லை.

ஆனி 14, சனி

விடியவே சொல்லிப்போட்டன். அவள் பல்லு விளக்கிக்கொண்டு கிணத்தடியிலை நிக்கேக்கை தேசிக்காயைக் கொண்டுபோய் நீட்டினன்.

"புதன்கிழமை கோயிலிலை இது ஒண்டு நசியேல்லை பிள்ளை. நான்தான் ஒளிச்சனான். போட்டிக்குப் போகவேண்டாம். பேந்து பாப்பம்."

சிரிப்பாள், இல்லாட்டிக் கோவிப்பாள் எண்டு நினைச்சன். ரெண்டும் இல்லை. பிரஷ் வாயிலை இருக்கு. தேசிக்காயை உருட்டி உருட்டிப் பாத்தாள்.

"எந்தச் சில்லு?"

"முன்னாலை. இடக்கைப் பக்கம்."

"வடிவாத் தெரியுமோ?"

"பொறுக்கினது நானல்லோ."

துப்பிப்போட்டு உள்ளுக்கு ஓடினாள். நான் போகமுதல் நட்டைக் கழட்டிச் சில்லை இழுத்தாச்சு. மேசையிலை கவிட்டுத் தட்டினாள். ஒண்டும் விழேல்லை.

"கம்பி இல்லை அம்மம்மா."

சில்லையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கம்பி இருக்காம். அரை ஊசி நீளம். சில்லு பூட்டேக்கை எங்கையோ விழுந்திட்டுது, தெரியாமல் நட்டை இறுக்கிப் பூட்டியிருக்கிறாள். தூக்கிப் பிடிச்சால் நட்டின்ரை இறுக்கத்திலை சில்லு சுத்தும். நிலத்திலை பாரம் வந்தவுடனை அச்சு உள்ளுக்குச் சும்மா சுத்தும், சில்லு இழுக்காது. அந்த ஒண்டு இழுக்காததாலைதான் வளைவிலை வழுக்கினது. இழுக்காத சில்லு தேசிக்காயை எப்பிடிக் கிழிக்கும்? மேலாலை உருண்டு போயிருக்கு.

பெட்டியிலை மிச்சக் கம்பி இருந்தது. போட்டாள்.

பேந்து என்னைப் பாத்தாள். "புதன்கிழமையே சொல்லியிருந்தால் அம்மம்மா."

மேசையிலை கிடந்த தேசிக்காயை எடுத்துத் தலைப்பிலை முடிஞ்சன்.

"சரி, போய் நாலு தேசிக்காய் பிடுங்குங்கோ."

முத்தத்திலை வைச்சு ஓட்டினம். நாலும் பஞ்சு பஞ்சு. வசந்தி கதவடியிலை வந்து நிண்டு, "அம்மா, ஊறுகாய்" எண்டு தொடங்கினவள், எங்களைப் பாத்திட்டு உள்ளுக்குப் போயிட்டாள்.

பேர் வெட்டேல்லை.

ஆனி 15, ஞாயிறு

இண்டைக்கு முழுப்பேர். சங்கவி.

ஒன்பது ட்ரக். ஓட்ட நிண்டவையிலை இவள் ஒருத்திதான் பொம்பிளைப் பிள்ளை. வெயில் எண்டால் சொல்லி வேலையில்லை. ஆரோ ஒரு தம்பி எனக்குக் கதிரை தந்தவர், எழும்பினன் எழும்பினபடி, கதிரை வீணாப் போச்சு.

வெளிக்கிட்டவுடனை ஏழாவது. அந்த வளைவு வந்தது. குடைக் கம்பை இறுக்கிப் பிடிச்சன். ட்ரக் சுத்தேல்லை. மண்ணை வாரி எறிஞ்சுகொண்டு வெட்டித் திரும்பிச்சுது. பக்கத்திலை ஆரோ, "உது ஆற்றை? அந்தப் பிள்ளையின்ரையோ? அண்டைக்குக் குத்தியிலை அடிச்சதோ?" எண்டு கேட்டார். என்ரை பேத்தியின்ரை எண்டு சொன்னன். கேட்காதவைக்கும் சொன்னன்.

மண்மேட்டிலை ஏறி ஆள் உயரத்துக்குக் கிளம்பி நாலு காலிலை பொத்தெண்டு இறங்கும். அந்த இறக்கம் நான் குமிழி பாத்த எண்ணெய்.

அஞ்சாவது. மூண்டாவது. அவளின்ரை முகத்தைப் பாத்தன். வாய் லேசாத் திறந்திருக்கு. பெருவிரல் மட்டும் அசையுது. கையில்லையாம்.

ரெண்டாவதா வந்தாள். ரமணன் முதலாவது. கடைசிச் சுத்திலை ரெண்டுக்கும் இடையிலை நாலு பாகத் தூரம் இருக்காது.

ரமணன் வந்து ட்ரக்கைக் கவிட்டுப் பாத்தார். "ஆர் தங்கச்சி இதைச் சரிப்பண்ணினது?"

"நான்தான் அண்ணை. அம்மம்மா தேசிக்காய் வைச்சுப் பிழை பிடிச்சவ."

அவர் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சவர். இவள் சிரிக்கேல்லை. கேட்டுக்கொண்டு நிண்ட ரெண்டு பேரும் சிரிக்கேல்லை.

அவளுக்குக் குடுத்த கோப்பையைச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலை வைச்சிருக்கு. பழுத்த தேசிக்காயும் அங்கைதான்.

முழங்கால் வீங்கிப்போச்சு. போகட்டும்.

ஆனி 17, செவ்வாய்

முகில். மழை வராது. மிளகாய் காய்ஞ்சிட்டுது, இடிக்கக் குடுக்கோணும்.

அஞ்சு மணி இருக்கும், கேற்றிலை தட்டுற சத்தம். ரமணன். பாங்கு உடுப்போடை, ட்ரக்கைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு.

"அம்மா, நேற்றிலிருந்து இது ஒரு பக்கம் இழுக்குது. எல்லாம் கழட்டிப் பாத்திட்டன். குறை நினைக்காதேங்கோ, நாலு தேசிக்காய் கிடைக்குமோ?"

பிடுங்கிக் கீறி வைச்சன். ஓட்டினார். குனிஞ்சு பொறுக்கினன். மூண்டு கிழிஞ்சது. ஒண்டு முழுசு.

"பின்னாலை, வலக்கைப் பக்கம்" எண்டன். "கழட்டுறது சங்கவிதான். அஞ்சரைக்கு வந்திடுவள், இருங்கோ."

இருந்தார். ட்ரக் மடியிலை. றிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு, "நான் நினைச்சன் என்ரை கையிலைதான் ஏதோ பிழையெண்டு" எண்டார்.

கைதான் பழகோணும் எண்டு எனக்கு நாக்கு நுனி மட்டும் வந்தது. தேத்தண்ணி குடுத்தன்.

ஒழுங்கையிலை சைக்கிள் மணி. சங்கவி.