பூந்தமல்லி டோக்கன்

மாமா,

இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது. வெளிய போனா சாவிய எதிர் ஊட்டு ரேவதிகிட்ட குடுத்துட்டுப் போ.

காதுல ங்கொய்ன்னு கேக்குது, ராத்திரில தூக்கமே வரலன்னு நீ சொன்னதுக்கு காது மூக்கு டாக்டரு நரம்பு டாக்டர பாக்கச் சொன்னாரு. அவரு மனநல டாக்டருகிட்ட அனுப்பினாரு. அந்தம்மா மறுபடி காது மூக்குக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னிக்கு பூந்தமல்லில தூக்கத்துக்குன்னே கீற கிளினிக்குல டோக்கன் போட்டிருந்தேன். "இனிமே எங்கயும் இழுத்துகினு போவாத"ன்னு நேத்து கத்துன. இப்ப தூங்குறியேன்னு எழுப்பல. நீ வரமாட்டன்னு போன் பண்ணிச் சொல்லிட்டு நான் கம்பெனிக்குக் கெளம்பிட்டேன்.

பஞ்சவர்ணம்

சட்னி கெட்டுப்போச்சு, பொடி தொட்டுக்க.

நெசமா தூங்குனா நீ குறட்டை உடுவ. இன்னிக்கு சத்தமே இல்ல. எனக்கும் கூட்டிகினு போறதுக்கு வேற டாக்டரு தெரியல, மாமா. அதான் நீ தூங்குறன்னு நம்புன மாதிரி போறேன்.