சலவைக்கூடத்தில் பரவிய செருமல்

மார்ச் 4, செவ்வாய்
ஆளுக்கு ஒரே ஒரு பாவத்தைத் தேர்ந்தெடுத்து விட்டுவிட வேண்டும் என்று போதகர் ஞாயிறன்று சொன்னார். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமலேயே "உன் வாய்" என்றார்.

மார்ச் 5, புதன்
ஜெபக்கூட்டம். போதகர் என் ஓரகத்தி அக்காவை ஜெபிக்கச் சொன்னார். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். மூன்றாவது வாரமாக இப்படித்தான்.

அக்கா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'ம்க்கும்' என்று செருமிவிட்டுத்தான் ஜெபிப்பாள். ஆண்டவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். போன மாதம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அதை நடித்துக் காட்டினேன். எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவுக்கும் அங்கேதான் வேலை. உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் – என்னாலா?

மார்ச் 6
இனி நடிப்பதில்லை. விட்டாச்சு.

மார்ச் 10, திங்கள்
நான் விட்டுவிட்டேன், அது விடவில்லை. இஸ்திரி மெஷின்காரி பொத்தானை அழுத்தும் முன் 'ம்க்கும்'. வண்டி தள்ளுகிறவர் கதவைத் திறக்கும் முன் 'ம்க்கும்'. ஒவ்வொருவரிடமாகப் போய் நிறுத்தச் சொன்னேன். எதை என்று கேட்டார்கள். வாசல் காவலாளி, "இது எங்க அப்பா காலத்துலேருந்து இருக்கிற பழக்கம்மா" என்றார். அவருக்கே நான்தான் போன மாதம் சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் 11
போதகரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வாயைத் திறந்தார். "ம்க்கும். சகோதரி..."

ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்
சலவைக்கூடத்தில் ஏதோ தொற்று என்று மேலதிகாரியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். டாக்டர் டார்ச்சோடு வந்து எங்களை வரிசையில் நிறுத்தி 'ஆ' காட்டச் சொன்னார். எல்லார் தொண்டையும் சுத்தம். இது முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் அக்காவைக் காட்டினார்கள். அவளைப் பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், சம்பளம் கிடையாது என்று டாக்டர் பேனாவை எடுத்தார். அக்கா 'ஆ' காட்டியபடியே நின்றாள். மூடச் சொல்ல அவர் மறந்துவிட்டார்.

நான் முன்னால் போனேன்.

"டாக்டர், இது நோயில்ல. என்னோட பாவம்."

"எத்தனை நாளா இருக்கு?"

"சின்ன வயசுலேருந்து."

"குடும்பத்துல வேற யாருக்காவது?"

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அக்கா ஜெபிப்பதை நான் கேலி செய்தது, அது ஒவ்வொருவரிடமாகத் தொற்றியது, எல்லாம். நான் பேசி ஒருவர்கூடச் சிரிக்காதது இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார், இதற்கு மாத்திரை உண்டா என்று யோசிப்பவர் போல. பேனாவை மூடிவிட்டார்.

மார்ச் 14
படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இன்று என் எதிர்முனையில் அக்கா. ஒவ்வொரு மடிப்புக்கும் நடந்து வந்து முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். நாற்பது விரிப்பு. நாலாவதில் மன்னிப்புக் கேட்டேன். பதினொன்றில் மறுபடி. இருபத்தாறாவதில் சொன்னாள்:

"கண்ண மூடினா ஆண்டவர் வரல. உன் மூஞ்சிதான் வருது."

மீதியையும் மடித்தோம். இவ்வளவு சுருக்கமில்லாத மடிப்பு எனக்கு வாய்த்ததே இல்லை.

மார்ச் 16
இன்று யாரைப் போலவும் நடிக்கவில்லை. வாய் அரிக்கிறது.

மார்ச் 19, புதன்
போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். எழுந்தேன். வாயைத் திறந்தால் போதகர் மாதிரி வருகிறது. விழுங்கினேன். அக்கா மாதிரி வருகிறது. அதையும் விழுங்கினேன். இத்தனை வருஷமாக எல்லார் ஜெபத்தையும் நடித்திருக்கிறேன், எனக்கென்று ஒரு வரி கிடையாது.

"ஆண்டவரே, நான்தான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 26, புதன்
கூட்டம் முடிய நேரமாகி எல்லோரும் பஸ்ஸை விட்டுவிட்டோம். காரணம், இன்று அக்கா மறுபடி ஜெபித்தாள். நோயாளிகளுக்கு இரண்டு நிமிடம், என் வாய்க்கு ஏழு நிமிடம். நான் செய்தது, செய்துவிட்டு மறந்தது, இனிமேல் செய்யக்கூடியது என்று ஒன்று விடாமல் ஆண்டவரிடம் செருமிச் செருமிச் சொன்னாள். பக்கத்தில் முட்டிபோட்டு அத்தனைக்கும் ஆமென் சொன்னேன்.