குடிப்பது இன்ஜின், ஊதுவது நான்

மார்ச் 3, திங்கள்
குடியை விட்டு இன்றோடு பதினான்கு மாதம். அதைக் கொண்டாடத்தானோ என்னவோ, மேலதிகாரி மேடம் கூப்பிட்டு ஒரு சாவியைக் கொடுத்தார். எங்கள் இன்ஜின் சோதனைக் கூடத்தில் டீசலோடு ஆல்கஹாலைக் கலந்து ஓட்டிப் பார்க்கப் போகிறார்களாம், நூற்றுக்குப் பத்து பங்கு. அந்த ஆல்கஹால் டின் இருக்கிற அலமாரிக்கு இனி நான்தான் காவல். "உங்கள நம்பித்தான் குடுக்கிறேன்" என்றார். பின்னால் வெல்டர் சிரித்துத் தொலைத்தான்.

இருபது லிட்டர்! கடவுளுக்கு என்மேல் என்ன கோபமோ.

மார்ச் 4, செவ்வாய்
வாசலில் மனைவி வழக்கம்போல "ஊதுங்க" என்றாள். ஊதினேன். வாய் சுத்தம். சட்டையை முகர்ந்தாள், முகம் கறுத்துவிட்டது.

"இது இன்ஜினுக்கு ஊத்துறதும்மா."

"ஓஹோ. இன்ஜின்தான் உங்கள வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுச்சா?"

இன்னொரு தடவை குடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகப் போன வருஷமே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

மார்ச் 6, வியாழன்
இன்ஜின் ஓடியது! புகை பாதிதான். மேடம் கை தட்டினார். எனக்கு லேசாகப் பொறாமை. அது குடித்தால் மட்டும் கைதட்டலா?

மார்ச் 10, திங்கள்
வியாழனுக்குப் பிறகு இன்ஜினுக்கு வெறும் டீசல்தான், ஆனாலும் டின்னில் ஒரு டம்ளர் குறைகிறது. அன்று பெயின்ட்டால் நானே போட்ட கோட்டுக்குக் கீழே நிற்கிறது. நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை — யாரிடம் சத்தியம் செய்கிறேன், டைரியிடமா?

மார்ச் 11, செவ்வாய்
இன்னும் குறைந்திருக்கிறது. சாவி என்னிடம். கெட்ட பெயரும் என்னிடம். யார் நம்புவார்கள்? ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது.

மார்ச் 12, புதன்
ஒரு டம்ளர்.

மார்ச் 13, வியாழன்
ஒன்றரை. எப்போது நிற்கும் இது?

மார்ச் 21, வெள்ளி
மானம் போச்சு.

வெளியிலிருந்து ஆறு பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருந்தார்கள். இன்ஜின் நாலு தடவை விக்கியது, ஒரு ஏப்பம் விட்டது, நின்றுவிட்டது. "மப்புல படுத்திருச்சு சார்" என்றான் வெல்டர். மேடம் கலவையைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்த்தார். டீசல் மேலே, மற்றதெல்லாம் கீழே, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல.

"ஆல்கஹால்ல தண்ணி இருந்தாத்தான் இப்படிப் பிரியும். தண்ணி எப்படி வந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் மேடம் ஊத்தினேன். ஆனா குடிக்கல." சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"குடிச்சவங்க தண்ணி ஊத்தி வைப்பாங்க. குடிக்காத நீங்க எதுக்குய்யா ஊத்தினீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயசு ஆளு, ஆறு பேர் முன்னால, கையில டீசல் துணியோட… அதாலயே முகத்தையும் துடைச்சுத் தொலைச்சேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள்.

மார்ச் 24, திங்கள்
வெள்ளிக்கிழமையே மேடம் டின்னில் புதிதாக நிரப்பி, எடை போட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். இன்று எடை குறைந்திருந்தது! மூடியின் வாஷர் வெடித்திருக்கிறது. சனிக்கிழமையும் டீசலில் இன்ஜின் ஓடியதில் அலமாரிக்குப் பின்சுவரில் அதன் புகைக்குழாய் கொதித்திருக்கிறது. சூட்டில் அத்தனையும் ஆவியாகப் போயிருக்கிறது. "அலமாரிதான்யா குடிகாரன்" என்றார் மேடம். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். பிறகு "ஊதுங்க" என்றாள். பெட்டி கட்டிலிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்
புது வாஷர், அலமாரிக்குப் புது இடம். இன்ஜின் மூன்று மணி நேரம் விக்காமல் ஓடியது. ஊற்றும்போது கை தவறி அரை லிட்டர் என் சட்டையில். தெரு முழுக்க மணக்க மணக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்று, கன்னம் உப்பக் காற்றை நிரப்பித் தயாராக இருந்தேன்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயே, சட்டையக் கழட்டி வெளியவே போட்டுட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

உள்ளே போய்விட்டாள். கட்டில் காலியாக இருந்தது, பெட்டி பரணில். வாயில் இருந்த காற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.